விண்வெளி நிலையத்தின் படம் ஏன் சாய்ந்து வருகிறது?

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் ஊரைக் கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் வந்த எஸ்எஸ்டிவி (படத்தை ஒலியாக்கி, வரிவரியாக மெதுவாக வானொலியில் அனுப்பும் முறை) ஒலியை, வாக்கி டாக்கியின் அருகே கைப்பேசியை வைத்துச் செயலி மூலம் படமாக்கினேன். படம் ஒருபுறம் சாய்ந்தும், இடையிடையே புள்ளிப் பட்டைகளோடும் வந்தது. தவறு எங்கே? நானும் படம் அனுப்பலாமா?

பதில்: சாய்வும் பட்டைகளும் வெவ்வேறு குறைகள். எஸ்எஸ்டிவியில் படம் என்பது சுருதி மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான்: 1500 ஹெர்ட்ஸ் கறுப்பு, 2300 ஹெர்ட்ஸ் வெள்ளை, வரி தொடங்கும் இடத்தை 1200 ஹெர்ட்ஸ் துடிப்பு காட்டும். விண்வெளி நிலையம் பலமுறை பயன்படுத்தியுள்ள பிடி120 முறையில், 640க்கு 496 புள்ளிகள் கொண்ட ஒரு படம் வந்துசேர ஏறத்தாழ 126 விநாடி ஆகும். அந்த நேரம் முழுவதும் ஒலியை அளந்து பதிக்கும் உங்கள் கைப்பேசியின் உட்கடிகாரம் அனுப்பும் கருவியோடு ஒத்து ஓட வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே கடைசி வரியில் 12.6 மில்லிவிநாடி வேறுபாடு சேர்ந்துவிடும். ஒரு வரியின் வெளிச்சத் தகவல் ஓடும் நேரமே 121.6 மில்லிவிநாடி என்பதால், படத்தின் அடிப்பகுதி அகலத்தில் பத்தில் ஒரு பங்கு விலகி நிற்கும். எம்எம்எஸ்எஸ்டிவி போன்ற மென்பொருள்களில் இதைத் திருத்தும் வசதி உண்டு. ஆகவே ஒலியை முதலில் வேவ் கோப்பாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பப் படமாக்கிப் பார்க்கலாம்.

பட்டைகள் சமிக்ஞை தளர்ந்ததன் அடையாளம். வாக்கி டாக்கியில் மெலிந்த சமிக்ஞையின் ஒலியை அடைத்துவிடும் ஸ்குவெல்ச் அமைப்பை முழுவதும் திறந்துவிடுங்கள். இல்லையெனில் சமிக்ஞை மெலியும்போதெல்லாம் ஒலியே அறுந்துபோகும். வாக்கி டாக்கியின் எஃப்எம் அலைவரிசை அகலத்தைக் குறுகியதில் வைக்காதீர்கள். நிலையம் நகர நகர ஆன்டெனாவைச் சாய்த்துத் திருப்பி, இரைச்சல் குறையும் கோணத்தைக் காதாலேயே தேடுங்கள். கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி, படத்தையும் இரைச்சலென்றே எண்ணிக் கத்தரித்துவிடும் என்பதால் அதை அணைத்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு, இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கட்டாயம். 145.800 விண்வெளி நிலையம் பேசும் அலைவரிசை; அதில் ஒருபோதும் அனுப்பக் கூடாது. சிற்றலையில் எஸ்எஸ்டிவிக்காரர்கள் கூடும் இடம் 14.230 மெகாஹெர்ட்ஸ்; கருவியை மேல் பக்கப்பட்டை (யுஎஸ்பி) முறையில் வைக்க வேண்டும். அங்கே வேறு படம் ஓடவில்லை என்று கேட்டு உறுதிசெய்த பின், உரிமத்தோடு கிடைக்கும் உங்கள் அழைப்புக்குறியைப் படத்திலேயே எழுதி, பிடி120 போன்ற வேறு எஸ்எஸ்டிவி முறைகளான மார்ட்டின் 1 அல்லது ஸ்காட்டி 1 முறையில் அனுப்புங்கள். பேச்சைப் போலன்றி இந்த ஒலி ஏறத்தாழ இரண்டு நிமிடம் இடைவெளியின்றி ஓடுவதால், கருவி சூடேறாதபடி திறனைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.