தில்லியின் மார்கழிக் குளிரில் வயதான தாயார்

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து வந்து, மயூர் விஹாரில் எங்களோடு இருக்கும் என் தாயாருக்கு 76 வயது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பூஜைக்கு உட்கார்ந்தவருக்குப் பேச்சு குழறியது. தீக்குச்சியைக்கூடக் கிழிக்க முடியவில்லை. ரஜாய் (கனமான பஞ்சுப் போர்வை) போர்த்திப் படுக்க வைத்தோம். பத்து மணிக்குள் சரியாகிவிட்டது. இந்த ஆண்டு குளிருக்கு முன்பாக நாங்கள் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: முன்னேற்பாடுகளைச் சொல்வதற்கு முன் அந்தக் காலைப்பொழுதைப் பற்றிப் பேசியாக வேண்டும். தானாகச் சரியானது என்பதால் அதை மறந்துவிடாதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டிருக்கலாம். சர்க்கரை அளவு மிகவும் இறங்கியிருக்கலாம். அல்லது குளிரால் உடலின் உள்வெப்பமே குறைந்திருக்கலாம். மூன்றுமே ஆபத்தானவை. ஆகவே குளிர் தொடங்கும்வரை காத்திராமல், இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நடந்ததை அப்படியே சொல்லிப் பரிசோதனை செய்யுங்கள்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்கு (95 டிகிரி பாரன்ஹீட்) கீழே இறங்கும்போது நடை தடுமாறும், நாக்குக் குழறும், விரல்கள் சொன்னபடி கேட்காது. இளையவர்களுக்கு அதற்கு முன்பே உடல் வெடவெடவென்று நடுங்கி எச்சரித்துவிடும். வயதானவர்களுக்கு அந்த நடுக்கமும், குளிர்கிறது என்ற உணர்வும் மங்கிவிடுவதால், "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று தங்கள் தாயார் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பழைய பாதரச வெப்பமானியில் 94 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே அளவே இருக்காது என்பதால், அதுவும் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லாது. உடைக்குள் கைவிட்டு அவருடைய வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை கால் சில்லென்றிருப்பது குளிர்காலத்தில் இயல்பு. வயிறும் சில்லென்றிருந்தால் அது இயல்பல்ல.

நம் தில்லி வீடுகள் பெரும்பாலும் வெயிலை நினைத்துக் கட்டப்பட்டவை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவு வெப்பநிலை 5 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, மார்பிள் தரையும் சுவரும் சேர்ந்து குளிர்ந்துவிடுகின்றன. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீடு முழுவதையும் சூடாக்க முடியாவிட்டாலும், அவர் படுக்கும் அறையையாவது எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டரால் இந்த அளவில் வைத்திருங்கள். ரஜாயும் திரைச்சீலையும் அதற்கு மூன்றடி தள்ளியே இருக்கட்டும். கரி அங்கீட்டியை (கணப்புச் சட்டியை) மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் உறங்குபவர் விழிக்காமலே போய்விடக்கூடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதிலும் இதே அபாயம் உண்டு.

மார்கழி நீராடலை விட்டுவிடும்படி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் அவருடைய மனம்தான் நோகும். வெந்நீரில், வெயில் ஏறிய பிறகு குளிக்கட்டும். குளிர்ந்த நீர் உடலில் பட்டதும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அழுத்தம் இயல்பாகவே கூடும் அதிகாலையில் இதுவும் சேர்ந்தால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி திறந்துவிடுகிறது. குளித்தவுடன் தலையை ஈரம் போகத் துவட்டி, உலர்ந்த உடையும் காலுறையும் வழுக்காத செருப்பும் அணியச் செய்யுங்கள். கோயிலுக்கும் பத்து மணிக்கு மேல் அழைத்துச் செல்லலாம். விடியலில் பனிமூட்டத்தோடு புகையும் தரையை ஒட்டியே தேங்கி நிற்கும்.

குளிர்காலத்தில் இரத்த அழுத்தம் பலருக்கும் சற்று ஏறும். வாரம் இருமுறை காலை மாத்திரைக்கு முன் அளந்து குறித்து வையுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாமல் வெந்துவிடும் என்பதால், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைக்கக் கூடாது. ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே அதை இப்போதே போட்டுவிட்டு, நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுபடியும் பேச்சு குழறினால், பத்து மணிவரை பொறுத்துப் பார்க்காமல் உடனே 112-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். ஈர உடையைக் களைந்து, மார்பையும் வயிற்றையும் கம்பளியால் போர்த்துங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். நாக்குக் குழறும் நிலையில் விழுங்குவதும் சரியாக நடக்காது என்பதால், சூடாகக் காபியோ பாலோ எதையும் அவர் வாயில் ஊற்றாதீர்கள்.