தேய்ந்த ரிம்மில் இன்னும் எவ்வளவு நாள் ஓட்டலாம்?

கேள்வி: சில ஆண்டுகளாக நாள்தோறும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பிரேக் கட்டை மாற்றக் கொடுத்தபோது, முன்சக்கரத்தின் ரிம் தேய்ந்துவிட்டது, அதை மாற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். சக்கரத்தில் கோட்டம் இல்லை, கம்பிகள் இறுக்கமாக உள்ளன, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு இன்னும் சில மாதங்கள் ஓட்டலாமா? பின்சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?

பதில்: சக்கரத்தில் கோட்டம் இல்லாததும் கம்பிகள் இறுக்கமாக இருப்பதும் நல்லவைதான். ஆனால் மெக்கானிக் சுட்டிக்காட்டிய பழுதுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கம்பிகள் இழுத்துப் பிடிப்பது ரிம்மின் அடிப்பகுதியை. தேய்வதோ அதன் இரு பக்கச்சுவர்கள். பக்கச்சுவர் தாள்போல் மெலிந்த பிறகும் சக்கரம் நேராகச் சுழலும், பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். இந்தப் பழுதை ஆபத்தானதாக்குவதே இதுதான்.

ரிம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் அந்தப் பக்கச்சுவர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வெளிப்புறத்தில் அது பிரேக் கட்டை உரசும் பரப்பு. உட்புறத்தில் டயரின் விளிம்பைப் பற்றி நிறுத்தும் கரை. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அலுமினியம் சிறிது உதிர்கிறது. மழையில் ஓட்டிவந்த பிறகு ரிம்மில் படிந்திருக்கும் கறுப்புச் சேற்றில் கட்டையின் துகளோடு ரிம்மின் துகளும் கலந்திருக்கும். அதே வேளையில் உள்ளிருக்கும் காற்று அந்தச் சுவரை ஓயாமல் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. 28 மி.மீ. அகலமுள்ள டயரில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) காற்று இருந்தால், சுவரின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ 8 கிலோ எடைக்கு நிகரான விசை செயல்படும். பெரிய சக்கரமொன்றின் ஒரு பக்கச் சுற்று முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அது ஒன்றரை டன் அளவுக்கு வரும்.

தேய்மானத்தையும் பலத்தையும் ஒரே விகிதத்தில் கணக்கிடுவதுதான் பலரும் இடறும் இடம். அடியில் மட்டும் பிடிப்புள்ள சுவர் வெளிநோக்கி வளைக்கப்படும்போது, அதன் தாங்குதிறன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.5 மி.மீ. கனமுள்ள சுவர் 0.75 மி.மீ. ஆகத் தேய்ந்தால், எஞ்சியிருப்பது பாதி பலம் அல்ல, கால் பங்குதான். இதற்கு மேல் ஒவ்வொரு முறையும் பிரேக் கட்டை உள்நோக்கி அழுத்த, காற்று வெளிநோக்கித் தள்ள, மெல்லிய தகட்டை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோல அடிப்பகுதியில் விரிசல் தொடங்குகிறது. தொடங்கிய பின் அது நெடுக ஓடிப் பக்கச்சுவரே உரிந்து வெளியே பிதுங்கும். டியூப் பெருஞ்சத்தத்துடன் வெடிக்கும். பிதுங்கிய தகடு பிரேக்கிலோ, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலோ சிக்கினால் முன்சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். காற்றடிக்கும்போது வெடித்தால் அதை அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். இறக்கத்தில் நெடுநேரம் பிரேக் பிடிக்கும்போது ரிம் சூடாகி உள்ளழுத்தமும் கூடுவதால், மிகவும் வேண்டாத நேரத்தில் உடையும் வாய்ப்பே அதிகம்.

காற்றைக் குறைப்பது தீர்வாகாது. 80 பி.எஸ்.ஐ.யை 60 ஆகக் குறைத்தால் விசை கால் பங்கு குறையும், அவ்வளவுதான். தேய்மானமோ தொடர்ந்துகொண்டே இருக்கும். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மின் விளிம்பே அடிவாங்கும், ஏற்கெனவே மெலிந்த சுவருக்கு அதைவிடக் கேடு வேறில்லை. அகலமான டயரை மாட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அதே அழுத்தத்தில் அகலமான டயர் சுவரை இன்னும் அதிக விசையோடுதான் தள்ளும்.

மெக்கானிக் சொன்னதை நீங்களே சரிபார்க்க விரும்பினால், முதலில் ரிம்மின் பக்கவாட்டில் தேய்மான அடையாளத்தைத் தேடுங்கள். சிலவற்றில் சுற்றிலும் ஓடும் மெல்லிய பள்ளக்கோடும், சிலவற்றில் சிறு குழியும் இருக்கும். அவை மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். இன்னும் சில ரிம்களில் இதற்கு நேர்மாறாக, தேய்மானம் எல்லையை எட்டிய பிறகே உள்ளே மறைந்திருந்த துளை வெளியே தெரியும். எந்த வகை என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ளாமல் முடிவுக்கு வர வேண்டாம்.

அடையாளமே இல்லாத பழைய ரிம்மில் பிரேக் உரசும் பரப்பின் குறுக்கே ஒரு சிறிய எஃகு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் சுவர் குழிந்திருக்கிறது. ஆனால் பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் குழிவே தெரியாது என்பதால், குழி இல்லை என்பதை நற்சான்றாகக் கொள்ள முடியாது. டயரைக் கழற்றி அளப்பதே நம்பத் தகுந்தது. உள்விளிம்பில் கொக்கிபோல் தடித்த பகுதி இருப்பதால் வெர்னியர் காலிப்பரின் தாடை நேராக உட்காராது, அதனால் 2 மி.மீ. தடிமனுள்ள தனிக் கம்பியொன்றை (சக்கரத்தின் கம்பியை அல்ல) வெட்டி இரண்டு சிறு துண்டுகளாக்கி, சுவரின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றும் வைத்து மொத்தத்தை அளந்து 4 மி.மீ.யைக் கழித்துவிடுங்கள். இரு பக்கச்சுவர்களிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். தயாரிப்பாளர் எல்லை எதுவும் குறிப்பிடாத அலுமினிய ரிம்மில் 1 மி.மீ.க்குக் கீழே எந்த இடத்திலாவது வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன், 0.8 மி.மீ. என்றால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போவதையும் பரிந்துரைக்க மாட்டேன், காற்றை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரே இடத்தில் பிரேக் வெடுக்கென்று பற்றினால், அங்கே சுவர் பிதுங்கத் தொடங்கியிருக்கலாம். அளவுகோலைத் தேடாமல் உடனே இறங்கிவிட வேண்டும்.

மாற்றும்போது ரிம்மை மட்டும் மாற்றி, சக்கரத்தின் நடுவிலுள்ள பழைய ஹப்பையும் கம்பிகளையும் பயன்படுத்த முடியும். அதற்குப் புதிய ரிம்மின் துளை எண்ணிக்கையும், கம்பிகள் சென்று சேரும் உள்விட்டமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் கம்பியின் நீளம் பொருந்தாது. ஹப்பும் தளர்ந்திருந்தால் முழுச் சக்கரமாக வாங்குவதே மேல். புதிய ரிம்மின் ஆயுள் பெரும்பாலும் பிரேக் கட்டையின் கையில்தான் இருக்கிறது. கட்டைகளை அவ்வப்போது கழற்றி, அவற்றில் பதிந்து மின்னும் அலுமினியத் துணுக்குகளையும் மணலையும் ஊசியால் கிள்ளி எடுத்துவிடுங்கள். கரகரவென்ற சத்தம் கேட்டபின் அப்படியே ஓட்டினால், சில மழைநாட்களிலேயே பல மாதத் தேய்மானம் நிகழ்ந்துவிடும். ரிம்மை விட்டுத் தனித் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கார்பன் ரிம்முக்கோ தேய்மானத்தைவிடப் பிரேக்கின் வெப்பமே பெரிய பகை, அதற்கென்றே செய்யப்பட்ட கட்டைகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பின்சக்கரத்தை, முன்சக்கரம் தேய்ந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அளக்காமல் விடவும் கூடாது: முன்பிரேக் அதிக வேலை செய்தாலும், முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு பின்ரிம்மில் படிவதால், ஈரச் சாலைகளில் ஓடும் சைக்கிள்களில் பின்ரிம்மே முந்திக்கொண்டு தேய்வதும் உண்டு. அளக்கும்போதே கம்பி புகும் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு துளையில் கண்டாலும், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அந்த ரிம்மையும் மாற்றிவிட வேண்டும்.