ஓர் அறை, ஒரு ரயில் பாதை: கேள்வி பதில்

வீட்டுக்குள் மாதிரி ரயில் பாதை போடுகிறவர்கள் கேட்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகளைக் குவித்துவிட்டீர்கள். மர வேலை, தண்டவாளம், வயரிங் மூன்றும் எனக்குக் கைவந்தவை. அவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்ஜின் உசத்தி என்ற பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

சுற்றுப்பாதை: அக்கா, மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் அறை ஒன்று சும்மா கிடக்கிறது. நடுவில் பெரிய மேசை போட்டு அதன்மேல் பாதை அமைப்பதா, சுவரை ஒட்டிச் சுற்றிப் போடுவதா?

சுவரை ஒட்டித்தான். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள பலகையை நடுவில் போட்டால் இரண்டு முனையிலும் மிஞ்சுவது தலா 30 செ.மீ. இடம். ஆள் புகுந்து போக முடியாது. பலகைமேல் போடக்கூடிய மிகப் பெரிய வளைவின் ஆரம் 55 செ.மீ.தான். முழுச் சுற்றும் 6 மீட்டர்கூடத் தேறாது, அதிலும் பாதிக்கு மேல் வளைவு. அப்புறம் ரயில் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது எல்லாமே ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் சலித்துப் போகும்.

அதே அறையில் சுவரோரமாக 50 செ.மீ. அகலத்தில் பலகை அடித்து, சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பாதை போடுங்கள். மூலைகளில் 75 செ.மீ. ஆரம் தாராளமாக உட்காரும். சுற்று 8.5 மீட்டர் வரும். நடுவில் நீங்கள் நிற்பீர்கள், ரயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்த் திரும்பி வரும். வாசலுக்குக் குறுக்கே மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு துண்டு பலகை வேண்டும். அந்தத் துண்டு இடத்தில் இல்லாதபோது இரண்டு பக்கமும் கொஞ்சத் தூரத்துக்கு மின்சாரம் வராதபடி ஒரு சுவிட்ச் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது என்ஜின் தரையில் விழும்.

ஒன்றை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள்: பலகையின் அகலம் 60 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கவிழ்ந்த பெட்டியை எடுக்கக் கை எட்ட வேண்டும்.

முதல்பயணி: எச்ஓ (HO) வாங்குவதா, என் (N) வாங்குவதா? குழப்பமாக இருக்கிறது மேடம்.

எச்ஓ என்பது 1:87 அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு; தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. என் என்பது பெரும்பாலும் 1:160, இடைவெளி 9 மி.மீ. நிஜத்தில் 25 மீட்டர் நீளமுள்ள பெட்டி எச்ஓவில் 29 செ.மீ. வரும், என்னில் 16 செ.மீ.கூட வராது. உங்கள் அறையில் எத்தனை பெட்டிகளைக் கோத்து ஓட்ட ஆசை என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நீண்ட ரயில் மலைக்காட்சிக்கு நடுவே போக வேண்டும் என்றால் என். பெட்டிகளைக் கழற்றி மாட்டி, யார்டில் வேலை செய்ய ஆசை என்றால் எச்ஓ. விரல் தடிமனாக இருப்பவர்களுக்கும் எச்ஓ.

இரும்புக்குதிரை: 438 மி.மீ. வளைவில் ஓடும் என்று என்ஜின் பெட்டியிலேயே போட்டிருக்கிறதே. நீங்கள் ஏன் 75 செ.மீ. என்கிறீர்கள்?

ஓடும், பொய் இல்லை. ஆனால் நீளப் பெட்டிகளைக் கோத்துப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், கொக்கி பக்கவாட்டில் இழுத்து மூன்றாவது பெட்டி இறங்கிவிடும். மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு ஆரம் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி. 29 செ.மீ. பெட்டிக்கு 75 செ.மீ. ஆரம் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். குட்டிப் பெட்டிகள்தான் என்றால் 438-இலேயே சந்தோஷமாக இருங்கள்.

மரத்தூள்: எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போதுமா?

கனம் அதிகம், ஈரம் பட்டால் ஊதும், தாங்கல் குறைந்தால் தொய்யும். 12 மி.மீ. ப்ளைவுட், அடியில் 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கட்டை, மேலும் கீழும் வார்னிஷ். அறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

மெதுவண்டி: கன்ட்ரோலர் பக்கத்தில் ரயில் நன்றாகப் போகிறது. அறையின் மறுகோடியில் நொண்டுகிறது. என்ஜினை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான்.

என்ஜின் பாவம், அதை விட்டுவிடுங்கள். எத்தனை இடத்தில் தண்டவாளத்துக்கு வயர் கொடுத்திருக்கிறீர்கள்? ஒரே இடம் என்றுதான் நினைக்கிறேன். ஃபிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு இரண்டு தண்டவாளங்களை நேராகப் பிடித்துக்கொள்ளத்தான் இருக்கிறது. மின்சாரம் கடத்துவது அதன் தலையில் நாம் கட்டிய வேலை. கொஞ்சம் தளர்ந்து, உள்ளே களிம்பு பிடித்தால் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தடை. பத்து இணைப்பு தாண்டினால் ரயில் நொண்டாமல் என்ன செய்யும்?

பலகைக்கு அடியில் 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ. தாமிர வயர் இரண்டை, ஒரு சிவப்பு ஒரு கறுப்பு, பாதை நெடுக ஓட்டுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய வயர், 30 செ.மீ.க்குள். சால்டர், அதாவது ஈயப்பற்று, வைக்க வேண்டிய இடம் தண்டவாளத்தின் வெளிப்பக்க இடுப்பு. உள்பக்கம் வைத்தால் சக்கரத்தின் விளிம்பு தட்டும். அந்த இடத்தைச் சின்ன அரத்தால் பளபளப்பாக்கி, ஈயம் ஒட்ட உதவும் ரோசின் ஃப்ளக்ஸ் தடவி, முதலில் தண்டவாளத்துக்கும் தனியாக வயர் நுனிக்கும் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து இரண்டு விநாடி சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். சால்டரிங் அயன் 40 வாட்டாவது வேண்டும். சின்ன அயன் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், அது தலைகீழ். சின்னது சூடேற நேரமெடுக்கும், அதற்குள் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகிவிடும். இரண்டு பக்கமும் ஈரப்பஞ்சு வைத்தால் ஸ்லீப்பர் பிழைக்கும்.

சால்டர்குச்சி: எதற்கு இத்தனை வயர்? எல்லா ஃபிஷ் பிளேட்டையும் சால்டர் பண்ணிவிட்டால் முழுப்பாதையும் ஒரே உலோகம். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

செய்திருக்கிறீர்கள், சரி. இப்போது 8.5 மீட்டர் சுற்று முழுவதும் ஒரே உலோகம் என்று வைத்துக்கொள்வோம். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, சுமார் 0.017 மி.மீ. நீளும். அறைச்சூடு 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. கூடுதல் நீளம். அது எங்கே போகும்? ஆணி தளர்ந்த இடமாகப் பார்த்துப் பக்கவாட்டில் வளையும்.

பசைக்காரன்: சால்டர்குச்சி சொல்வதே தப்பு. சால்டரே கூடாது, எந்த இணைப்பிலும். அக்கா சொன்ன கணக்கே சாட்சி.

நான் அப்படிச் சொல்லவில்லை, என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். வளைவில் இணைப்பு வந்தால் சால்டர் வைத்தே ஆக வேண்டும். வளையும் தண்டவாளத் துண்டுகள் இரண்டை நேராக வைத்து, இணைப்பைச் சால்டர் செய்துவிட்டு, அப்புறம் சேர்த்து வளையுங்கள். இல்லையென்றால் இணைப்பில் முழங்கை மாதிரி ஒரு முடக்கு விழும், எல்லா ரயிலும் அங்கேதான் இறங்கும். நேர்ப்பாதையில் சால்டர் வேண்டாம், மீட்டருக்கு ஓர் இடைவெளி விடுங்கள். 20 டிகிரிக்கு ஒரு மீட்டர் நீள்வது 0.34 மி.மீ. ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். கார்டை நடுவில் சொருகி ஆணி அடித்துவிட்டு உருவிக்கொள்ளுங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் நாளில் போடுகிறீர்கள் என்றால் கார்டும் தேவையில்லை.

சால்டர்குச்சி: வீட்டுக்குள் 20 டிகிரி ஏறுமா? ஏசி போட்ட அறை என்னுடையது.

சூட்டை ஏசி பார்த்துக்கொள்ளும். மரத்தை? ஏசி ஓடும்போது காற்று உலர்ந்து மரம் சுருங்கும், நிறுத்தினால் ஈரம் ஏறி விரியும். தண்டவாளம் சுருங்காமல் மரம் மட்டும் சுருங்கினாலும் விளைவு அதேதான். அதற்காகத்தான் பலகைக்கு வார்னிஷ் சொன்னேன்.

பசைக்காரன்: அப்போ வளைவிலும் இடைவெளி வேண்டாமா?

சால்டர் செய்த வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் விடுங்கள். இதோடு இந்தச் சண்டையை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மூலைவாசி: ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு மூலையில் மேடை கட்டி ஒரு ஊர் அமைக்கலாமா?

60 செ.மீ.தான், மேலே சொன்னதைப் படியுங்கள்.

இருபாதை: மேல்தட்டு, கீழ்தட்டு என்று இரண்டு அடுக்கு போட ஆசை. எச்ஓதான்.

ஒரு பாதையின் மேல் இன்னொன்று தாண்ட, பாலத்தின் தடிமனையும் சேர்த்து 8 செ.மீ. உயரம் வேண்டும். ஏற்றம் நூற்றுக்கு இரண்டு என்றால் அதற்கு 4 மீட்டர் ஓட்டம். இறங்க இன்னொரு 4 மீட்டர். சுற்றுப்பாதைக்குச் சொன்ன 8.5 மீட்டரில் ஸ்டேஷன் போட அரை மீட்டர்தான் மிஞ்சும். நூற்றுக்கு மூன்று வைத்தால் இடம் மிச்சமாகும், ஆனால் வளைவில் ஏறும்போது என்ஜின் பாதிப் பெட்டிகளைத்தான் இழுக்கும். சின்ன அறைக்கு ஒரே மட்டம் போதும்.

புதுவயர்: டிசியா, டிசிசியா?

ஒரு என்ஜின்தான் என்றால் டிசி, அதாவது தண்டவாளத்து மின்சாரத்தையே கூட்டிக் குறைத்து ஓட்டுவது. ஒரே பாதையில் இரண்டு என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்றால் டிசிசி என்ற டிஜிட்டல் கட்டளை முறை. அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் உள்ள டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். டிசிசி போட்டதும் ஒரு நாணயத்தை எடுத்து, பாதை நெடுகப் பல இடங்களில் இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) உடனே நின்றுவிட வேண்டும். நிற்காத இடத்தில் வயர் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால், ரயில் தடம் புரளும் அன்றைக்கு அங்கே பிளாஸ்டிக் உருகும்.

குகைவாசி: மேசை நடுவில் மலை, அதற்குள் குகை, குகைக்குள் பாயின்ட் (பாதை பிரியும் இடம்)...

வேண்டாம். கை எட்டாது. எத்தனை தடவை!

தூசுதட்டி: தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

கூடாது, கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். இரும்புக் கம்பிப் பஞ்சும் கூடாது. அதன் தூள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

ஜல்லி: ஜல்லி எப்போது போடுவது?

எல்லா என்ஜினும் எல்லாப் பாயின்டையும் இரண்டு திசையிலும் தாண்டிய பிறகு. ஒரு மாதம் வெறும் பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஒட்டிய ஜல்லியைப் பெயர்த்துப் பாதையைத் திருத்துவது நரகம். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி விட்டால் ஜல்லிக்குள் இறங்கும். பாயின்டின் அசையும் நாக்குப் பக்கம் பசையே போகக் கூடாது.

எந்தவண்டி: முதலில் எந்த என்ஜின் வாங்கலாம்?

ஆரம்பத்திலேயே சொன்னேன், வேறு ஆளைப் பாருங்கள்.

சால்டர்குச்சி: கடைசியாக ஒன்று. என் பாதை இன்னும் அம்பு மாதிரி நேராகத்தான் இருக்கிறது.

போட்டு எத்தனை மாதமாகிறது என்று சொல்லவே இல்லையே!