வாசகர் கேள்வி–பதில்: பார்த்த கிராமத்தையே மறுபடியும் பார்ப்பது ஏன்?

கேள்வி: அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் வேலூருக்கும் தொடர்பு உண்டு என்று, பொருளாதாரம் படிக்கும் என் மகள் சொல்கிறாள். என்ன தொடர்பு? அது அரசு அலுவலகமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: அதை நிறுவிய மால்கம் ஆதிசேஷையா 1910இல் வேலூரில் பிறந்தவர், அவருடைய தந்தையார் நம் ஊரீசு கல்லூரியின் முதல்வராக இருந்தவர். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்து நாடு திரும்பிய ஆதிசேஷையா, 1971இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 1977 முதல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தமிழக அரசும் இதற்கு நிதி வழங்கி வருகின்றன. ஆனாலும் இது அரசுத் துறை அன்று; தன்னாட்சி பெற்ற ஆய்வு நிறுவனம்.

கேள்வி: வீட்டுக்கு எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்று ஆய்வாளர்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள், சில ஆண்டுகள் கழித்து அதையே மறுபடியும் கேட்கிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் இது எதற்கு?
– செய்யாறு வாசகர்

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தூசி கிராமமே இதற்கு விடை சொல்லும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு விவரம் சேகரித்த ஊர்களில் தூசியும் ஒன்று. 1930களில் வேறு சிலர் அங்கே மறு ஆய்வு செய்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் ஆய்வாளர்கள் குகனும் பரதனும் செய்தார்கள். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் பதினொரு கிராமங்களில் பசுமைப் புரட்சியின் விளைவை அறிய 1973–74இல் நடந்த ஆய்வும் அப்படித்தான், 1980களிலும் 1990களிலும் தொடரப்பட்டது.

ஒரு முறை எண்ணினால் நிலைமை தெரியும். அது எந்தத் திசையில் போகிறது என்பது திரும்பப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஏரிப் பாசனம் தளர்ந்து கிணறும், பின்னர் ஆழ்துளைக் கிணறும் அந்த இடத்தைப் பிடித்த கதையை இப்படித்தான் கோக்க முடிந்தது. நம் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் "கிணற்றில் பொதுவில் கால் பாகம்" என்றும், மோட்டாரில் பாகம், இன்னின்ன நாளில் முறைத் தண்ணீர் என்றும் எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால் பாகமும் தலைமுறைதோறும் உடைந்து, தண்ணீர் எட்டாத ஆழத்துக்குப் போனதும் கிணற்றை ஆழப்படுத்தப் பணமில்லாத பங்காளி அண்டை வயல்காரரிடம் தண்ணீர் வாங்கும் நிலைக்கு வருவதும், அதன் மூலம் ஊரில் யார் கை ஓங்குகிறது என்பதும் மக்கள்தொகைக் கணக்கில் வராதவை. இந்நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ஜனகராஜன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். (முடிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுவது எனக்கும் மனக்குறைதான்; பதில் சொன்ன ஊருக்குத் தமிழில் நாலு பக்கமாவது திரும்பி வர வேண்டாமா?)

கேள்வி: அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் கசப்பான உண்மையை எழுதுமா?
– வாணியம்பாடி வாசகி

பதில்: எழுதியிருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் கிணறுகள் கெட்டதை ஆராய்ந்ததோடு நில்லாமல், விவசாயிகளையும் தொழிற்சாலைத் தரப்பினரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்கும் முயற்சியையும் இந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கொண்டார்கள். இந்தக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது உங்களுக்குத் தெரிந்ததே. என்றாலும் மானியம் வருகிற கையைப் பார்த்துப் பேனா தயங்கும் ஆபத்து எந்த நிறுவனத்துக்கும் உண்டு. ஆகவே ஆய்வறிக்கையைப் படிக்கும்போது முடிவுரையை மட்டும் பார்க்காமல், யாரைக் கேட்டார்கள், எத்தனை வீடுகளில் கேட்டார்கள் என்பதைச் சொல்லும் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.