கால் முடங்கும் குஞ்சுகளும் ஈரலில் கட்டிகளும்

கேள்வி: தம்பலகாமத்தில் ஊர்க்கோழி வளர்க்கிறேன். வீட்டிலேயே அடைவைத்துப் பொரித்த நாற்பது குஞ்சுகளில் ஒன்பது, மூன்று மாத வயதில் ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டியபடி விழுந்து, மெலிந்து இறந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஈரல் பெருத்து வெள்ளைக் கட்டிகள் இருந்தன. ராணிக்கெட் தடுப்பு மருந்தும் விற்றமினும் கொடுத்திருந்தேன். இது என்ன நோய்? முட்டையை உண்ணலாமா?

பதில்: நீங்கள் எழுதிய அறிகுறிகள் மரெக்ஸ் நோயையே சுட்டுகின்றன. ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் ஜோசெப் மரெக் 1907 இல் விவரித்த இந்நோய் ஹெர்பிஸ் வகை வைரஸினால் வருவது. ராணிக்கெட் மருந்து இதைத் தடுக்காது.

மூச்சுடன் உள்ளே செல்லும் வைரஸ் முதலில் பி வகை வெள்ளணுக்களிலும் பின்னர் டி வகை வெள்ளணுக்களிலும் புகுந்து, கோழியின் ஆயுள் முழுவதும் அங்கேயே ஒடுங்கிக் கிடக்கும். சில கோழிகளில், வைரஸ் கொண்டுவரும் மெக் என்னும் மரபணுவின் தூண்டலால், நோயை எதிர்க்க வேண்டிய அந்த டி அணுக்களே கட்டுக்கடங்காமல் பெருகி, ஈரலில் கட்டிகளாகவும் கால் நரம்பில் வீக்கமாகவும் திரள்கின்றன. விற்றமின் பயன் தராததற்குக் காரணம் இதுதான். லிம்ஃபொயிட் லியூக்கோசிஸ் என்னும் வேறொரு வைரஸ் நோயிலும் ஈரல் கட்டி வரும்; ஆனால் அது பெரும்பாலும் நான்கு மாதத்துக்குப் பின்னரே தோன்றும், காலை முடக்காது. எனினும், அடுத்து ஒன்று இறந்தால் உடனே பனிக்கட்டியில் வைத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசென்று உறுதிப்படுத்துங்கள்.

இதற்குச் சிகிச்சை இல்லை. பொரித்த முதல் நாளிலேயே கழுத்துத் தோலின் கீழ் போடும் தடுப்பூசிதான் வழி. அது கட்டியைத் தடுக்குமே தவிரத் தொற்றையும் வைரஸ் வெளியேறுவதையும் முற்றாக நிறுத்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குப்பி பெருந்தொகைக் குஞ்சுகளுக்கானது, கரைத்தபின் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே அயலவருடன் சேர்ந்து ஒரே நாளில் பொரிக்கச் செய்து பகிருங்கள், அல்லது ஊசி போட்ட குஞ்சுகளையே வாங்குங்கள்.

இறகின் வேரிலிருந்து உதிரும் செதில் தூசியில் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். பழைய உமியை அகற்றிக் கூட்டை நன்கு கழுவி, முதற் சில வாரங்கள் குஞ்சுகளைப் பெரிய கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குஞ்சுக்கூடு பழைய கூட்டுக்கு மேற்கே இருப்பது நல்லது; கிழக்கே வைத்தால் தூசி முழுவதும் குஞ்சுகள் மீதே வந்து விழும்.

இவ்வைரஸ் மனிதரைத் தொற்றாது, முட்டைக்குள்ளும் கடக்காது. நலமாயுள்ள கோழிகளின் முட்டையை உண்ணலாம், அடையும் வைக்கலாம். நோயுற்றவற்றைக் கறிக்கு எடுக்காமல் ஆழப் புதையுங்கள்.