அறநிறுவன வாரியத்தில் பலதரப்பினர் இருந்தால் நிதிநிலை மேம்படுமா?

தானாக மேம்படாது, கேள்வி கேட்பவர்கள் வந்தால்தான். பழகிய நண்பர்களே குழுவாக இருந்தால் பொருளாளரிடம் கணக்கு கேட்கக் கூச்சப்படுவார்கள். நான் தொண்டு செய்யும் துணைப்பாட அமைப்பில் அப்படித்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த தாதி அக்கா, "நன்கொடை நின்றால் எத்தனை மாதம் வாடகை கட்டலாம்?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. அந்த வாரமே சேமிப்பைக் கணக்குப் பார்த்தோம்.

சிங்கப்பூரின் அறநிறுவன நிர்வாக நெறிமுறை, பொருளாளர் தொடர்ந்து 4 ஆண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்கிறது. நல்ல விதி. 2005இல் சர்ச்சையில் சிக்கிய தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் பணத்துக்குப் பஞ்சமில்லை. தலைமை அதிகாரியை வாரியம் தட்டிக்கேட்கவில்லை. நம்பிக்கை போனதும் ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம், பெண்கள், இளையர்களோடு கணக்கு தெரிந்த ஒருவரையும் கட்டாயம் சேருங்கள்.