ஆள் தெரியாமல் அரசு டெண்டர் கிடைக்குமா? எங்களுக்குக் கிடைத்தது

"சிபாரிசு இல்லாமல், கமிஷன் கொடுக்காமல் சின்ன தறிக்காரருக்கு அரசு டெண்டர் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் சில தறிகளைப் போட்டு யாருக்கோ கூலிக்கு நெய்கிறவராகத்தான் இருப்பீர்கள். தாராளமாகக் கிடைக்கும்.

நாங்கள் கரூரில் பெட்ஷீட் நெய்கிறோம். மத்திய அரசு மருத்துவமனை ஒன்று ஜெம் தளத்தில், அதாவது அரசுக் கொள்முதலுக்கான இணையதளத்தில், டெண்டர் விட்டிருந்தது. எல்லாரும் ரேட்டை யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ஸ்பெசிபிகேஷனை வரிவரியாகப் படித்தாள். நூல் எவ்வளவு மெல்லியது (கவுண்ட்), அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை (ரீட்), எத்தனை ஊடை இழை (பிக்), சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் (ஜிஎஸ்எம்), துவைத்தால் எவ்வளவு சுருங்கலாம், சாயம் எவ்வளவு நிற்கவேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அதன்படி கொஞ்சம் நெய்து, கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் டெஸ்டுக்குக் கொடுத்து, ரிப்போர்ட் கையில் வந்த பிறகே விலை போட்டோம்.

எல்1 ஆக, அதாவது எல்லாரையும்விடக் குறைந்த விலை போட்டவராக, வந்தது ஒரு பெரிய மில். ஆனால் சிறு, குறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் கொள்கை இருக்கிறதே! எல்1 பெரிய நிறுவனமாக இருந்து, நம் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அதே விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் 25 சதவீதம் வரை நாம் சப்ளை செய்யலாம். அப்படித்தான் வாங்கினோம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்ததால், டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் முன்வைப்புத் தொகையும் (ஈஎம்டி) கட்டவில்லை. வாங்கி விற்கும் டிரேடர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது சரியும்கூட.

எல்லா டெண்டரும் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "எவ்வளவு வெட்டினானோ" என்று கமெண்டில் எழுதப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. நெய்யத் தெரிந்த குடும்பம் ஜெயித்தால் மட்டும் ஏன் இந்தச் சந்தேகம்?

பில் பணம் இழுத்தடித்தது உண்மை. 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 சட்டம் சொல்கிறது. பணம் தாமதமானால் புகார் கொடுப்பதற்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் போட்டோம், பணம் வந்தது. "அடுத்த ஆர்டர் வராது" என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள்.

எனக்குக் கோபமெல்லாம் நூல் விலைமேல்தான். 2022ல் பஞ்சு ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. டெண்டரில் போட்ட விலை அப்படியே நிற்கிறது, நூல் மில்லோ முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறது. தறி ஓட்டுகிறவன்தான் இரண்டு பக்கமும் தாங்கவேண்டும். பருத்தி பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இதை ஒருநாளும் பேசுவதில்லை. விலை போடுமுன் மில்லிடம் நூலுக்கு ரேட் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.